முட்டிக்குப் போடுகிற ஊசி

மே 28

அக்கா,

நான்கு மாதமாக உன் மகளுக்கு ஊசி போடாமல், போட்டதாக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். சந்தேகத்தில் சொல்லவில்லை. விடுமுறைக்கு என்னிடம் வந்தவளின் பையில் ஆஸ்பத்திரி அட்டை இருந்தது. ஜனவரி இருபத்திரண்டுக்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி. ஒவ்வொரு தடவை போனில் கேட்டபோதும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்றாய். எந்த வாயால் சொன்னாய்?

இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி. போன வருடம் அந்தக் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாக வீங்கியபோது டாக்டர் சொன்னது இது ஒன்றுதான். அப்போதே நெஞ்சு ஸ்கேனுக்கு இங்கே அனுப்பு என்றேன். பரீட்சை என்றாய், மழை என்றாய், மாமா லாரியோடு போயிருக்கிறார் என்றாய்.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், மதியம் கூட்டம் குறைந்ததும், டாக்டரிடம் கேட்டு என் ஸ்கேன் அறையிலேயே அவளைப் படுக்க வைத்தேன். நெஞ்சில் பசையைத் தடவிக் கருவியை வைத்ததும் "சித்தி, கூசுது!" என்று புழுவாக நெளிந்தாள். பெயர்தான் சுண்டு, உயரம் விளக்குக் கம்பம். கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே. ரத்த ஓட்டத்துக்குக் கலர் போட்டதும் திரையை எட்டிப் பார்த்தாள். "ஐ, நல்லா இருக்கே! நீலமா பீச்சுதே, அது என்ன?"

"டாக்டர் சொல்வார்" என்றேன். பதினோரு வருடமாகத் தினம் முப்பது பேரிடம் சொல்கிற வாக்கியம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன். போனில் பேச முடியாது. உங்கள் வீடு ஒரே அறை. நீ "ம்" கொட்டினாலே அவள் காதைத் தீட்டிக்கொள்வாள். அதனால்தான் தொழிற்சாலை முகவரிக்கு அனுப்புகிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அதைக் கேட்காமல் முடித்தால் கோபத்தில் விட்டுவிட்டேன் என்பாய்.

தங்கை


ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

இடுப்பு அதன் இடத்தில் இருக்கிறது. நீ சௌக்கியம்தானே? கோபத்தைப் பார்த்தால் தெம்பாகத்தான் தெரிகிறாய்.

உன் உறையைச் சூப்பர்வைசர் காலர் தைக்கிற லைன் முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, "யாரும்மா இந்தக் காலத்துல லெட்டர் போடறது? காதல் கடிதமா?" என்றார். "ஆமா சார், உங்களுக்குத்தான். மாறி என் பேருக்கு வந்திருச்சு" என்றேன். நாற்பது மெஷினும் நின்று சிரித்தன. பிறகு கழிவறையில் நின்று படித்தேன்.

பொய் சொன்னேன். ஆமாம். பிப்ரவரியில் போனபோது மருந்து வரவில்லை என்றார்கள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை கர்ப்பிணிகளுக்கு மட்டுமாம். மார்ச்சில் மருந்து இருந்தது, ஊசி போடும் சிஸ்டர் இல்லை. அரை நாள் லீவு கேட்டால் முழு நாளையும் வெட்டுகிற இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். உன் ஆஸ்பத்திரி மாதிரி இல்லை. ஏப்ரலில் அவளே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த ஊசி தயிர் மாதிரி கெட்டி. இடுப்பில் போட்டால் இரண்டு நாள் வகுப்பில் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். பின்பெஞ்சுக்காரிகள் "கோழி அடைகாக்குது" என்று கிண்டல் செய்கிறார்களாம்.

டாக்டர் அட்டையில் "வாதக் காய்ச்சல்" என்றுதானே எழுதினார்? நான் அவளிடம் முட்டிவாதம் என்று சொல்லிவைத்தேன். எதிர் மெஷின்காரிகூட "வாதமா? என் மாமியாருக்கு எழுபது வயசு, வாதத்தோட கடைக்கு நடந்து போகுது. எண்ணெய் தேச்சு வெந்நீர் ஊத்து" என்றாள். இப்போது முட்டி வற்றிவிட்டது. பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிறாள். "முட்டிதான் நல்லா இருக்கே, முட்டிக்குப் போடற ஊசி எதுக்கும்மா?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?

ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை ஆறு தடவை படித்தேன்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

சுற்றி வளைக்கவில்லை. அவள் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. முன்னால் போக வேண்டிய ரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் பின்னால் திரும்புகிறது. மிதமான அளவு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இப்போது ஆபரேஷன் வேண்டாம்.

தொண்டையில் ஒரு கிருமி வருகிறது. போய்விடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமியோடு சண்டை போட்ட உடம்பு தன்னையே அடிக்கத் தொடங்குகிறது. முட்டியை அடிக்கும், கணுக்காலை அடிக்கும், அதோடு இதயத்தையும் அடிக்கும். முட்டி சரியாகிவிடும். எப்போதும் சரியாகிவிடும். இந்த நோயின் அயோக்கியத்தனமே அதுதான். வீங்குகிற இடம் ஒன்று, கெடுகிற இடம் ஒன்று.

ஊசி முட்டிக்கு இல்லை. கெட்ட வால்வைத் திருப்பித் தருவதற்கும் இல்லை. அந்தக் கிருமி மறுபடி தொண்டையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் காவல். ஒரு முறை தவறினாலும் வாசல் திறந்துகொள்ளும். மறுபடி காய்ச்சல் வந்தால் வால்வு இன்னும் கெடும். குறைந்தது பத்து வருடம் போட வேண்டும்.

வாதக் காய்ச்சலாம்! இதயம் என்ற சொல் அந்தப் பெயரில் எங்கேயாவது இருக்கிறதா? படித்தவன் பெயர் வைத்துவிட்டுப் போவான், நீங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருவீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு வாயைத் திறந்து நான்கு வார்த்தை சொல்ல நேரமில்லை. இந்த வால்வோடு என் கட்டிலில் படுக்கிற பிள்ளைகளின் முகவரியை நான்தான் கணினியில் ஏற்றுகிறேன். எல்லாம் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடுகள். ஒருவர் இருமினால் ஆறு தொண்டைக்கும் பங்கு. லிஃப்ட் வைத்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளைகூட இதற்காக என்னிடம் வந்ததில்லை.

ரிப்போர்ட் நகலை இதோடு உறையில் வைத்திருக்கிறேன். அதைக் காட்டி ஊசியைக் கேட்டு வாங்கு. அவளிடம் சொல். பதினைந்து வயது ஆகிறது, பச்சைக் குழந்தை இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

தங்கை


ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுவது இந்த முறை பாதி உண்மை. இருபத்தாறாம் தேதி ஊசி போட்டாயிற்று.

காலை ஏழு மணிக்கு வரிசை. முதல் ஜன்னலில் சீட்டு. இரண்டாவதில் "அட்டை பழசு, புது அட்டை எழுதிட்டு வாங்க." மூன்றாவதில் புது அட்டை எழுதுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். சுண்டு "அம்மா, நான் பன்னெண்டாவது முடிச்சுட்டு வந்து பாக்கறேன், இவரு வந்திருப்பாரு" என்றாள்.

ஊசி அறையில் சிஸ்டர் மருந்துக் குப்பியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். "இத நான் போடமாட்டேம்மா. போன வருஷம் வேற ஆஸ்பத்திரியில ஒரு பையன் இதப் போட்டதும் மயங்கி விழுந்துட்டான். டாக்டர் பக்கத்துல நிக்கணும்."

"டாக்டர் எங்க சிஸ்டர்?"

"மீட்டிங்."

"மீட்டிங் எப்ப முடியும்?"

"அது மீட்டிங்குக்குத்தான் தெரியும்."

உன் ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்தாள். படித்துவிட்டுச் சுண்டுவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சுண்டுவும் பார்த்துவிட்டாள். அப்புறம் அந்த அம்மாவே ஓடிப்போய் ஒரு சின்ன டாக்டரைக் கையோடு கூட்டிவந்து போட்டாள். நல்ல மனுஷிதான். பயம். எனக்கு இருக்கிற மாதிரி.

வெளியே வந்ததும் சுண்டு "அந்தத் தாள்ல என்ன இருக்கு?" என்றாள். "முட்டி மறுபடி வீங்காம இருக்க ஊசி போடணும்னு இருக்கு" என்றேன். எழுதவே கை கூசுகிறது. எப்படிச் சொல்ல? ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். உனக்கு நெஞ்சில் ஓட்டை என்றா சொல்வேன்?

அக்கா


ஜூலை 5

அக்கா,

ஓட்டை இல்லை, ஒழுகல். அதைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

அடுத்த முறை ஜூலை 17. சுவரில் எழுதி வை. எதற்கு என்று தெரியாத ஊசியைப் பத்து வருடம் யார் போட்டுக்கொள்வார்கள்? நீ போட்டுக்கொள்வாயா? நீ அவளைக் காப்பாற்றவில்லை. அவள் முகம் வாடுவதைப் பார்க்க உனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்ளாதே.

பெயர் கொடுத்தது கொடுத்தபடி இருக்கட்டும், ஓடலாமா என்று இங்கே டாக்டரைக் கேட்டு எழுதுகிறேன். அதுவரை ஓட விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கைக்கு,

ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுண்டு தூங்குகிறாள்.

ஜூலை 17 எனக்கு லீவு தரவில்லை. பள்ளி விட்டதும் நீயே போய்ப் போட்டுக்கொண்டு வா என்றேன். "சரிம்மா" என்றாள். வந்து அட்டையை நீட்டினாள். தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. அன்று ஒரு பக்கமாகக்கூட உட்கார்ந்து காட்டினாள். கையெழுத்து அவளுடையது. பூங்காவில் உட்கார்ந்து போட்டிருக்கிறாள்.

ஜூலை கடைசியில் தொண்டை வலி என்றாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். போன வாரம் காய்ச்சல், இடது கணுக்கால் வீங்கி, போர்வை பட்டால்கூட அலறினாள். மறுநாள் வலது முட்டி. இங்கே சேர்த்து மாத்திரை கொடுத்ததும் இரண்டே நாளில் வீக்கம் வற்றிவிட்டது. "பாத்தியாம்மா, சரியாயிடுச்சு" என்கிறாள். நீ சொன்ன அயோக்கியத்தனம் இதுதான் போலிருக்கிறது. பதினாறாம் தேதி இங்கேயே ஊசி போடுவார்களாம். பெரிய டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து மாணவர்களிடம் "முன்னைவிடச் சத்தம் கூடியிருக்கு, கேளுங்க" என்றார். எட்டுப் பேர் வரிசையாக வந்து கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோழை, பொய்க்காரி என்றெல்லாம் எழுதினாய். வாங்கிக்கொண்டேன். போன வருடம் முதன்முதலில் முட்டி வீங்கியபோது டாக்டருக்கு முன்னால் உனக்குத்தான் போன் செய்தேன். தொண்டை வலி வந்து போனது என்றும் சொன்னேன். "வளர்ற பொண்ணு, வளர்ற வலி. எண்ணெய் தேச்சு விடுக்கா" என்று சொன்னது யார்? நீ சொன்னாய் என்று மூன்று வாரம் எண்ணெய் தேய்த்தேன். இதயத்தைத் தினமும் பார்க்கிறவள் நீ. நான் காலர் தைக்கிறவள்.

அக்கா


ஆகஸ்ட் 31

அக்கா,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. டாக்டர் சொல்லும்வரை படுக்கையிலேயே இருக்கட்டும், ஓடக் கூடாது. வார்டில் நீ எழுதியபடி ஆகஸ்ட் 16 ஊசி போட்டார்கள் என்றால் அடுத்தது செப்டம்பர் 6, அதற்கடுத்தது 27. பல்லில் சொத்தை இருந்தால் இப்போதே பார்த்துவிடு. மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் காத்திருக்காதே.

மற்றதை நேரில் பேசலாம்.

தங்கை


செப்டம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் அனைவரும் சுகம். என் வலது கை ஆள்காட்டி விரலில் மெஷின் ஊசி நகத்தோடு இறங்கிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. பத்து நாள் லீவு. இந்த லீவை மட்டும் கேட்காமலே கொடுத்தார்கள். நான் சொல்லச் சொல்ல சுண்டு எழுதுகிறாள். அவள் எழுத்து உன் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 6 ஊசி போட்டாயிற்று. நானே கூட்டிப்போனேன். நீ சொன்ன விஷயம்.

நீ சொன்ன விஷயம் நினைவிருக்கிறது. பல் டாக்டரிடம் காட்டினோம். சொத்தை இல்லை. மாமா நேற்று வந்தார், இன்று போய்விட்டார். மழை இல்லை.

நீ நேரில் பேசலாம் என்று எழுதியிருந்தாய். எப்போது என்று எழுதவில்லை.

இப்படிக்கு
அக்கா

சித்தி, கீழே இருப்பது நான் சொந்தமாக எழுதுவது. அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். அடுப்பு எரியவில்லை. இந்தக் கடிதம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மா ஒரு வாக்கியம் ஆரம்பிக்கிறாள், என் பேனாவைப் பார்க்கிறாள், வேறு வாக்கியம் வருகிறது. "நீ சொன்ன விஷயம்" என்று இரண்டு தடவை வந்து நிற்கிறதே, அது என்ன விஷயம்? வார்டில் கால் வலி என்று படுத்திருந்த என் நெஞ்சில் எட்டுப் பேர் எதற்குக் குழாய் வைத்தார்கள்? முட்டி கீழே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா?


செப்டம்பர் 26

அக்கா,

விரல் எப்படி இருக்கிறது? சீழ் வைத்தால் சும்மா இருக்காதே.

ஆமாம். நான்தான் சொன்னேன். "வளர்ற வலி" என்றேன். அன்று கட்டிலில் ஒரு நோயாளி, வெளியே இருபது பேர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் உன் போன். தொண்டை என்றாய், முட்டி என்றாய். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். சேர்க்கவில்லை. உன்னை அவ்வளவு திட்டியதெல்லாம் நீ இந்தப் பேச்சை எடுத்துவிடக் கூடாது என்றுதான் போலிருக்கிறது. மே மாதம் திரையில் அந்த நீலத்தைப் பார்த்தபோது முதலில் நினைவுக்கு வந்தது உன் குரல்தான்.

சுண்டுவுக்குப் பதில் எழுத மூன்று தாள் எடுத்தேன். "அன்புள்ள சுண்டு" என்பதைத் தாண்டவில்லை. உன்னைச் சொல் சொல் என்று விரட்டினேன், இப்போது எனக்கே வரவில்லை. வார்டு டாக்டரைச் சொல்லச் சொல்லேன். அவர் சொன்னால் அவள் கேட்பாள். சொல்லும்போது பத்து வருடம் என்று எடுத்ததும் சொல்ல வேண்டாம். ஓட்டத்தைப் பற்றி அவள் கேட்டால் என்ன சொல்வது என்று இங்கே டாக்டரைக் கேட்டேன். போட்டி ஓட்டம் வேண்டாம், நடக்கலாம் என்றார். அதையும் வார்டு டாக்டரே சொல்லட்டும்.

வழக்கம்போலத் தொழிற்சாலைக்கே அனுப்புகிறேன். அவள் கையில் சிக்காமல் படி.

தங்கை


அக்டோபர் 7

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமா? நான் நலமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மா லீவில் இருப்பதை மறந்து தொழிற்சாலைக்குக் கடிதம் போட்டுவிட்டீர்கள். எதிர் மெஷின் அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். "உங்கம்மாவோட காதல் கடிதம், பத்திரம்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உறை கையில் அரை மணி நேரம் இருந்தது. பசை ஒரு பக்கம் ஒட்டவே இல்லை. பிரிக்கவில்லை. அதில் அம்மா பெயர் இருந்தது. ஏற்கெனவே ஒரு கையெழுத்தைத் திருடி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

அம்மா அதைக் குளியலறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். வெகுநேரம் தண்ணீர் விழுந்தது. வெளியே வந்தபோது தலை நனையவில்லை, முகம் மட்டும். "சித்தி என்ன எழுதியிருக்காங்க?" என்றேன். "விரல்ல சீழ் வைக்காம பாத்துக்கச் சொல்றா" என்றாள். விரலுக்கு யாராவது அப்படி அழுவார்களா?

மறுநாள் வார்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் என் அட்டையைப் புரட்டி, "எல்லாம் கரெக்டா போகுது, ஊசிய மட்டும் விட்டுடாதம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நர்ஸ் வந்து "எந்திரிங்கம்மா" என்றார். எதையோ கேட்கத்தான் என்னைக் கூட்டிப்போனாள், கேட்கவில்லை. செப்டம்பர் 27 ஊசியை அதற்கு முன்பே, அம்மா முகத்துக்காகத்தான் போட்டுக்கொண்டேன்.

நானும் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளியில் எங்கள் வகுப்பு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி திரும்பும்போது ஷூ கயிறு கட்டுகிற மாதிரி குனிந்து நின்றுகொள்கிறேன். மூச்சு வாங்குகிறது. தோழிகளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஓட்டப் பந்தயத்திலிருந்து பெயரை நானே எடுத்துவிட்டேன். கால் வலி என்று சொல்லிவிட்டேன். முட்டிவாதம் அதற்கு மட்டும் உதவியது.

மூச்சு முட்டியில் இல்லை என்று எனக்குத் தெரியும், சித்தி. பத்தாம் வகுப்பு அறிவியல் படிக்கிறேன். எது என்று ஊகித்துவிட்டேன். ஊகித்து வைத்திருப்பது, தெரிந்திருப்பதைவிட மோசமாக இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்தால் செத்துப்போய்விடுவேனோ என்று தோன்றுகிறது, கணக்குப் பாடம் வந்ததும் மறந்துவிடுகிறது, மறுபடி தோன்றுகிறது. சாகமாட்டேன் என்றாலும் யாராவது சொல்ல வேண்டும், சாவேன் என்றாலும் யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்த முறை அக்டோபர் 18. அதற்குள் எனக்குக் கடிதம் வர வேண்டும். என் பெயர் போட்டு, வீட்டு முகவரிக்கு. வந்தால் போட்டுக்கொள்வேன்.

சுண்டு


அக்டோபர் 17

சித்தி,

நான் இன்று பள்ளிக்குப் போகவில்லை. தபால்காரர் பதினொன்றரைக்குத் தெருவுக்குள் வந்தார். எதிர்வீட்டில் ஒன்று போட்டார். எங்கள் கதவில் கை வைக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். "எங்க வீட்டுக்கு இருக்கா?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். வேகமாகப் போகவில்லை, நடந்துதான் போனேன். பையைக் குடைந்து பார்த்துவிட்டு, "இல்லையே பாப்பா" என்றார்.

நாளை முறை. அம்மா இன்று வேலைக்குப் போயிருக்கிறாள். நாளைக்கு லீவு சொல்லிவிட்டு வருவாள். சேலைகூட எடுத்து வைத்திருக்கிறாள். காலை ஏழு மணிக்கு வரிசை. நான் வரமாட்டேன் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. நாளைக்குப் பிறகுதான் கிடைக்கும். இருந்தாலும் கேட்கிறேன். நீங்கள் அன்று என்னைப் படுக்க வைத்து எடுத்த ரிப்போர்ட்டில் என் பெயர், என் வயது, என் முகவரி எல்லாம் இருக்கும். அதை நீங்கள் படித்தீர்கள், அம்மா படித்தாள், ஊசி போடுகிற சிஸ்டர் படித்தார். அதை எனக்கு அனுப்புங்கள். அதில் எழுதியிருப்பதை எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளில் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

எழுதுவீர்களா, மாட்டீர்களா?